தலைகுந்தாவில் சொல்வதை அடிவாரத்திலேயே சொல்லுங்கள்: தனியாக வண்டி ஓட்டி வருகிறவர்களுக்காக ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், முதுமலைப் புலிகள் காப்பகத்தின் கள இயக்குநர் அவர்களுக்கும், மாவட்டக் காவல்துறைக்கும், தேசிய நெடுஞ்சாலைப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

உதகையிலிருந்து, முதுமலைக் காட்டுக்குள் மைசூர்ச் சாலையில் இருக்கும் தெப்பக்காட்டுக்கு இரண்டு வழி. கல்லட்டி என்ற செங்குத்தான மலைப்பாதை வழியே 36 கி.மீ. கூடலூரைச் சுற்றினால் 67 கி.மீ. கைப்பேசியில் உள்ள வரைபடம் குறைந்த தூரத்தைத்தான் முதலில் காட்டும். மைசூர்ப் பக்கம் திரும்ப வேண்டிய ஒருவர், மாலை ஆறு மணி வாக்கில், அதை நம்பி, கல்லட்டிப் பாதை பிரியும் தலைகுந்தாவில் வலப்பக்கம் திரும்புகிறார். வெளியூர் வண்டி கல்லட்டியில் இறங்கக் கூடாது என்று அங்கே சொல்லப்படுகிறது. அவர் வண்டியைத் திருப்புகிறார். அந்த நிமிடத்திலிருந்து அவருடைய நாள் ஒரு ஓட்டப்பந்தயமாக மாறிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். தலைகுந்தாவிலிருந்து கூடலூர் சுமார் 42 கி.மீ. வளைவும் மூடுபனியும் உள்ள பாதையில் சராசரி மணிக்கு 25, 28 கி.மீ.க்கு மேல் வராது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கூடலூர் ஊருக்குள் நெரிசல், பிறகு தொரப்பள்ளி, அங்கிருந்து காடு. தெப்பக்காட்டைத் தாண்டி, கர்நாடக எல்லைச் சாவடியான கக்கநல்லாவை அடைய, நிதானமாக ஓட்டினால் இன்னும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. ஆகமொத்தம் இரண்டரை மணி நேரம். ஆறரைக்குத் தலைகுந்தாவை விட்டவர் கக்கநல்லாவை எட்டும்போது மணி ஒன்பது, காட்டுச் சாலையின் கதவு இரவுக்கு அடைபடும் நேரம். அதற்கப்பால் கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காடு வேறு இருக்கிறது. இது அவருக்கும் பாதி வழியில் தெரிந்துவிடும். அதனால்தான் கூடலூர் இறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு இறங்குகிறார். தொரப்பள்ளி தாண்டியதும் 70, 80 என்று அழுத்துகிறார். யானைகள் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் சாலையைக் கடக்கும் நேரமும் அதுவே.

இந்தச் சாலைகளில் வண்டி ஓட்டுகிறவர்களும், பழுது பார்க்கிறவர்களும், காட்டோரம் குடியிருக்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். இரண்டு தடைகளையும் நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம். பந்திப்பூர்ச் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி ஓடக் கூடாது என்ற ஆணை 2009இல் வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2010இல் அதை உறுதி செய்தது. முதுமலைப் பக்கமும் அதே நேரம்தான். இரவில் அடிபட்டுச் சாகும் விலங்குகளைக் காப்பாற்ற அதைவிட எளிய வழி கிடையாது. கல்லட்டியைப் பொறுத்தவரை, 2018 அக்டோபரில் ஏழு பேருடன் வந்த வெளியூர்க் கார் ஒன்று அந்தச் சரிவில் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் கார் அங்கே கிடப்பதே தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு உயிர்களைக் காத்திருக்கிறது. அதைத் தளர்த்தும்படி யாராவது கேட்டால் தயவுசெய்து இணங்காதீர்கள்.

எங்கள் வேண்டுகோள் வேறு. தடை எது, கடைசி நேரம் எது, எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்பவை ஒருவருக்குத் தெரிய வேண்டிய இடம் அடிவாரம். இப்போது அவை முட்டுக்கட்டை நிற்கும் இடத்தில்தான் தெரியவருகின்றன. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் ஒருவர் இருப்பார். பலகையைப் படிப்பார், யாரிடமாவது கேட்பார், இடப்பக்கம் யானை நிற்பதைச் சொல்வார், தூக்கம் வந்தால் பேச்சுக் கொடுப்பார். தனியாக ஓட்டி வருகிறவருக்கு அந்த ஆள் இல்லை. சாலையே அவருக்குப் பக்கத்து இருக்கை ஆளாக இருக்க வேண்டும்.

நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகள் இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் அதற்கு நல்ல இடம். சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற வரம்பும் வந்தது. விண்ணப்பிக்கும்போதே எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்கிறீர்கள். அந்தக் கட்டத்தில் ‘1’ என்று ஒருவர் நிரப்பினால், அவருக்கு வரும் அனுமதிச் சீட்டிலேயே நான்கு வரி கூடுதலாக அச்சாகட்டும்: ஏறுவது கல்லட்டி, இறங்குவது கூடலூர், காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல், மைசூர் திரும்புகிறவர் தலைகுந்தாவைக் கடக்க வேண்டிய கடைசி நேரம் மாலை 5.30, அவசரத்துக்கு 112, 108, 1077. சீட்டைச் சோதனைச்சாவடியில் காட்டியே ஆக வேண்டும் என்பதால் அதைப் படிக்காமல் யாரும் வர முடியாது.

திசைதான் இதில் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். தெப்பக்காட்டில் தொடங்கி, மசினகுடி, மாவனல்லா, கல்லட்டி என்று ஏறி, தலைகுந்தாவில் மேற்கே திரும்பி, பைக்காரா, நடுவட்டம், ஊசிமலை, கூடலூர், தொரப்பள்ளி என்று இறங்கி மறுபடி தெப்பக்காட்டுக்கு வந்தால் 90 கி.மீ.க்கும் குறைவு. உதகை நகருக்குள் போகவே வேண்டாம். தனி ஆளுக்கு அங்கே பார்க்கிங் தேடுவதிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். ஒரே நாளில் பார்க்க இதைவிட நல்ல சுற்று தென்னாட்டில் குறைவு என்பது எங்கள் எண்ணம். தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்வதால் மசினகுடி, சீகூர்ப் பக்கம் மழைமறைவு: முள்காடு, வறண்ட புல். ஏற ஏறத் தைலமரமும் சீகை மரமும் சோலைத் துண்டுகளும் வருகின்றன. மேலே புல்வெளி. நடுவட்டம் தாண்டியதும் தேயிலை. கூடலூரில் மழை வாங்கிய ஈரக்காடு, தொரப்பள்ளிக்குப் பின் தேக்கு. ஐந்தாறு விதமான நிலத்தை ஒரு பகலில் தாண்டுகிறார் ஒருவர். இதையே எதிர்த் திசையில் சுற்ற நினைத்தால் தலைகுந்தாவில் நின்றுவிடும்.

நேரமும் ஒத்துவரும். குண்டல்பேட்டையில் பெட்ரோல் போட்டு, காலை 6 மணிக்குக் கதவு திறந்ததும் பந்திப்பூருக்குள் நுழைந்தவர் ஏழே கால் மணி வாக்கில் தெப்பக்காட்டில் இருப்பார். மசினகுடியில் காலைச் சாப்பாடு. எட்டரைக்கு ஏறத் தொடங்கினால் பத்து மணிக்குள் தலைகுந்தா. பைக்காராவில் நடுப்பகல். நடுவட்டத்தை இரண்டு மணிக்குள் தாண்டிவிட்டால் மூடுபனி கெட்டியாகும் முன் இறங்கிவிடலாம். நான்கு மணிக்குக் கூடலூரில் டீ. ஐந்தரைக்குள் கக்கநல்லா. வெளிச்சம் இருக்கும்போதே காட்டை விட்டு வெளியே வந்துவிடுவார். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் அப்போது மசினகுடிச் சாப்பாட்டுக்குப் பின் எல்லாவற்றையும் அரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். இந்த நேர அட்டவணையைக் கக்கநல்லாவிலும் மேட்டுப்பாளையம் கல்லாறிலும் தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் ஒரு பலகையாக வையுங்கள். கல்லாறு வழியே வருகிறவர்களுக்கு இன்னொரு வரியும் தேவை: கோடை சீசனில் குன்னூர் வழியே ஏறுவது, கோத்தகிரி வழியே இறங்குவது என்ற ஒருவழி ஏற்பாடு. அதுவும் பலருக்குப் பாதி மலையில்தான் தெரிகிறது.

அடுத்தது பிரேக். ‘மெதுவாகச் செல்லவும்’ என்ற பலகை எல்லா இடத்திலும் இருக்கிறது. அதனால் பயன் குறைவு, ஏனென்றால் சமவெளியில் ஓட்டிப் பழகியவர் மெதுவாகப் போக அறிந்த ஒரே வழி பிரேக்கை மிதிப்பதுதான். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். கூடலூர் சுமார் 1,070. ஆளோடும் சாமானோடும் 1,200 கிலோ எடையுள்ள கார் இந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால், 40 லிட்டர் தண்ணீரைக் குளிர்ந்த நிலையிலிருந்து கொதிக்க வைத்துவிடும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரத்து இரண்டு பிரேக் டிஸ்க்குகள் வாங்கும். இறக்கத்தின் பெரும்பகுதி நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில், 20 கி.மீ.க்குள் வந்துவிடுகிறது.

டிஸ்க் அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் கருகல் வாடை வரும். பிறகு டிஸ்க்கைக் கவ்வும் பேட் வழுக்கத் தொடங்கும்; பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. அதற்கும் மேலே போனால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். அப்போது பெடல் பஞ்சு போலத் தரை வரை போய்விடும். டாட் 3 வகை ஆயிலுக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய பின் கொதிநிலை 140 வரை இறங்கிவிடலாம். இரண்டு வருடமாக ஆயில் மாற்றாத கார், சமவெளியில் எந்தக் குறையும் காட்டாமல் ஓடி, முதல் மலையிறக்கத்தில் கைவிடுவது இதனால்தான்.

ஆகவே நடுவட்டத்தில் வைக்கும் பலகை கியரைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்களின் வழக்கு, இன்றைக்கும் சரியானது. சாதாரண கியர் வண்டிக்கு இரண்டாவது. கொண்டை ஊசி வளைவில் தேவைப்பட்டால் முதலாவது. ஆட்டோமேட்டிக்கில் ‘டி’யிலேயே விட்டுவிடக் கூடாது, ‘எல்’, ‘2’ அல்லது மேனுவல் நிலைக்கு மாற்ற வேண்டும். வாடகைக்கு எடுத்த ஆட்டோமேட்டிக்கில் வருகிறவர்களில் பலருக்கு அந்த எழுத்துகள் எதற்கு என்றே தெரியாது. மின்சாரக் காரில் இறக்கத்தின் ஆற்றலை பேட்டரி திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆனால் மேலேயே நூறு சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால் வாங்க இடமிருக்காது, பாரம் முழுவதும் பிரேக்குக்குப் போகும். உதகையில் சார்ஜ் போடும் இடங்களில் ‘மலையிறங்குகிறவர் 80, 85 சதவீதத்தோடு நிறுத்தவும்’ என்று எழுதி ஒட்டினால் போதும்.

பிரேக்கை மிதித்தபடியே இருக்கக் கூடாது. நேர்ப்பாதையில் அழுத்தமாக ஒரு முறை மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிட வேண்டும். விட்டிருக்கும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைப்பதும் இன்னும் நடக்கின்றன. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பிறகு பெடலை மிதிக்கக் காலில் பலம் போதாது. சில வண்டிகளில் சாவியைத் திருப்பினால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும். வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, 20 நிமிடமாவது ஆறவிட வேண்டும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் கோணிவிடும். ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்லது. கிளம்பும்போது அந்தக் கல்லைத் தயவுசெய்து எடுத்து ஓரம் போட வேண்டும். சாலையில் விட்டுப்போன கல் இரவில் வரும் பைக்காரரை விழத்தட்டும். இதற்காகவே நடுவட்டத்துக்குக் கீழே இரண்டு இடங்களில் சாலையை விட்டு ஒதுங்கிய ‘பிரேக் ஆறும் இடம்’ அமைத்துத் தாருங்கள். நான்கு கார் நிற்கும் அளவு போதும். தரை சமமாக இருக்க வேண்டும், வளைவுக்கு முன்போ பின்போ 50 மீட்டருக்குள் இருக்கக் கூடாது.

ஸ்கூட்டரில் தனியாக வருகிறவர்களைப் பற்றிக் கவலை அதிகம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் டிரம் பிரேக், சூடானால் ஆறுவது தாமதம். வாடகை ஸ்கூட்டர் கொடுப்பவர்கள் நடுவட்டத்துக்குக் கீழேயும் கோத்தகிரி இறக்கத்திலும் அதை அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையை உரிமத்திலேயே சேர்க்கலாம். கியர் பைக்குக்கு அந்தக் குறை இல்லை, இரண்டாவது கியர் தாங்கும்.

ஏற்றத்தில் வேறு தொல்லை. உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் பலம் இழக்கும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவது கியரில் இழுக்கப் பார்த்து, எஞ்சின் திணறி, பாதி கிளட்சில் நின்று, கிளட்ச் கருகி நிற்கும் வண்டிகளை அங்கே சீசன் தோறும் பார்க்கலாம். வளைவுக்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. சூட்டு முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்தி எஞ்சினை ஓடவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. டயர்க் காற்றைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது, மலையில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று. உயரத்தால் அளவுமானியில் மூன்று பவுண்டு போலக் கூடும், குளிரால் அதே அளவு குறையும். மேட்டுப்பாளையத்தில் சரியாக வைத்த காற்றே உதகையிலும் சரி. குறைத்துவிட்டு இறங்கினால் டயர்தான் சூடாகும்.

இடம் போதாத ஏற்றத்தில் மேலேறும் வண்டிக்கே முதல் வழி என்பது 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குவிதிகளிலேயே இருக்கிறது. கல்லட்டியில் இறங்கி வரும் உள்ளூர் வண்டிகளும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும். பேருந்து ஏறி வருவது தெரிந்தால் ஒரு வளைவு மேலேயே நின்றுவிட வேண்டும். இதை எங்களுக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறோம்.

கல்லட்டி வளைவுகளுக்குப் போட்டிருக்கும் எண்களை இன்னும் ஒரு வேலைக்குப் பயன்படுத்தலாம். தனியாகச் சிக்கிக்கொண்டவர் 108ஐக் கூப்பிட்டால் ‘எங்கே இருக்கிறீர்கள்’ என்பதற்கு அவரால் பதில் சொல்ல முடிவதில்லை. ‘கல்லட்டி 14ஆவது வளைவு’ என்று சொல்ல முடிந்தால் வேறு முகவரி தேவையில்லை. எண் பலகைகள் ஒளி எதிரொலிப்பதாகவும், ஏறுகிறவருக்கும் இறங்குகிறவருக்கும் ஒரே எண்ணைக் காட்டுவதாகவும், செடி மூடாமலும் இருக்க வேண்டும். கூடவே, தனி ஆளாகக் கல்லட்டி ஏறுகிற வண்டியின் எண்ணை மசினகுடியில் குறித்துத் தலைகுந்தாவில் சரிபாருங்கள். இரண்டு மணி நேரத்தில் மேலே வராவிட்டால் ஒரு ரோந்து வண்டி இறங்கிப் பார்க்கட்டும். 2018இல் அந்தக் காரைத் தேட இரண்டு நாள் ஆனதற்கு, அவர்கள் எங்கே காணாமல் போனார்கள் என்பது யாருக்கும் தெரியாததே காரணம். ஏழு பேருக்கே அந்த நிலை என்றால் ஒருவர் நிலையை யோசியுங்கள்.

இனி காடு. முதுமலைக் காப்பகத்தின் மையப் பகுதி 321 சதுர கி.மீ.; நெடுஞ்சாலை அதன் நடுவே போகிறது. தொரப்பள்ளிக்கும் கக்கநல்லாவுக்கும் இடையே ஏறக்குறைய 16, 17 கி.மீ. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நுழையும்போது நேரம் குறித்த ஒரு சீட்டு, வெளியேறும்போது அதைத் திரும்ப வாங்குதல், 25 நிமிடத்துக்குள் வந்துவிட்டவருக்கு அபராதம்: இவ்வளவு எளிதான ஏற்பாட்டுக்குக் கேமரா கூடத் தேவையில்லை. அதே சீட்டு, ஒரு மணி நேரமாகியும் வராதவரைத் தேடவும் உதவும். சாலையோரம் உண்ணிச்செடி வளர்ந்து மறைத்த இடங்களில் யானை நிற்பது பத்தடி தூரத்தில்தான் தெரியும். அந்தப் புதரை வளைவுகளின் உட்புறத்திலாவது ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டுங்கள்.

சீட்டின் பின்பக்கம் அச்சிட வேண்டியது இது. யானை சாலையில் நின்றால் நூறு மீட்டர் முன்பே நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடட்டும், ஹாரன் வேண்டாம், விளக்கை அடித்து அணைக்க வேண்டாம், முன்வண்டியோடு ஒட்டி நின்று பின்வாங்கும் இடத்தை இழக்க வேண்டாம். ஒன்று கடந்ததும் கிளம்பக் கூடாது. குட்டியும் தாயும் பின்னால் இருக்கலாம், நடுவில் புகுந்தவர்தான் துரத்தப்படுகிறார். காதை விரித்துத் தும்பிக்கையைச் சுருட்டி நேரே பார்த்தால் பின்னோக்கி நகர வேண்டும். கன்னத்தில் மதநீர் வடியும் ஒற்றை ஆண் யானை என்றால் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். பைக்கில் வருகிறவர் பேருந்துக்காகக் காத்திருந்து அதன் பின்னால் போவதே நல்லது. குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் போடுவது அன்பாகத் தோன்றும். சாலையோரத்தில் நின்று பழகிய விலங்குதான் அடுத்த வண்டியில் அடிபடுகிறது. காப்பகத்துக்குள் விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம்.

டயர் பஞ்சரானால்? தனி ஆள் காட்டுக்குள் இறங்கி ஜாக்கி போடுவதைவிட, நான்கு விளக்கையும் மினுக்கவிட்டுப் பத்து கி.மீ. வேகத்தில் சோதனைச்சாவடி வரை உருட்டிப் போவது மேல். டயரும் ரிம்மும் வீணாகலாம், ஆகட்டும். நகரவே முடியாவிட்டால் கண்ணாடியை ஏற்றி உள்ளேயே இருந்து, கடந்து போகும் அரசுப் பேருந்து ஓட்டுநரிடம் சொல்லி அனுப்ப வேண்டும். கைப்பேசிக்கு அங்கே பல இடத்தில் சிக்னல் கிடையாது. பேருந்து ஓட்டுநர்களுக்கும் இதைக் கேட்டு நிற்கும்படி ஒரு சுற்றறிக்கை தேவை.

முக்குர்த்தி பற்றி ஒரு வார்த்தை. 78 சதுர கி.மீ. கொண்ட அந்தத் தேசியப் பூங்கா நம் மாநில விலங்கான வரையாட்டின் வீடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது என்பதைப் படிக்காதவர்கள், வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதை நம்பிக் கேட் வரை ஓட்டிச் சென்று திரும்புகிறார்கள். இ-பாஸ் பக்கத்தில் ஒரு வரி போட்டால் அரை நாள் மிச்சமாகும். மழைக்காலத்தில் அவலாஞ்சிப் பக்கமும் அப்படியே. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் பெய்தது. மேற்குப் பக்கச் சாலைகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையும், குன்னூர், கோத்தகிரிச் சாலைகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மண் சரியும் காலம். எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதைத் தினமும் காலை 5 மணிக்கு இ-பாஸ் வைத்திருப்பவருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப முடியும், எண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீ அச்சத்தால் சுற்றுலா நிறுத்தப்படும் நாட்களையும் அதிலேயே சொல்லலாம்.

கடைசியாக, கேட்கக் கூச்சப்படுகிற ஒன்று. காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது. சரி. ஆனால் தொரப்பள்ளிக்கு முன்னாலும் கக்கநல்லாவிலும் கழிப்பறை ஒழுங்காக இல்லாவிட்டால் ஆள் காட்டுக்குள்தான் நிறுத்துவார். தனியாக வரும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு சாவடியிலும் விளக்கும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை, ஆறு வண்டி நிற்க இடம், குடிநீர் ஏடிஎம் ஒன்று. பிளாஸ்டிக் பாட்டிலைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வது நியாயமே. பிடுங்கும் இடத்திலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ள வழியும் இருக்க வேண்டும். அதோடு, கண் செருகுகிறவர் 20 நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்கவும் அந்த இடம் உதவும். மதியச் சாப்பாட்டுக்குப் பின், கூடலூர் இறக்கம் முடிந்து நேர்ச்சாலை வந்ததும்தான் தூக்கம் தள்ளும்.

இவற்றில் கட்டட வேலை உள்ளவைக்கு நிதியாண்டு ஒன்றோ இரண்டோ ஆகலாம். பலகைக்கு அது தேவையில்லை. ஏப்ரலில் சுற்றுலாக் கூட்டம் தொடங்கும் முன் கக்கநல்லாவிலும் கல்லாறிலும் தலைகுந்தாவிலும் முதல் பலகை நிற்கட்டும். எழுத்து ஒரு சாண் உயரம் இருக்க வேண்டும், ஓடும் வண்டியிலிருந்து தனி ஆள் படிக்கும்படி. வாசகத்தையும் எழுதித் தருகிறோம்:

வெளியூர் வண்டிகள் கல்லட்டியில் ஏறலாம், இறங்கக் கூடாது.
மைசூருக்குக் கூடலூர் வழி மட்டுமே.
தலைகுந்தாவைக் கடக்கக் கடைசி நேரம் மாலை 5.30.
அதற்குப் பிறகு வந்தவர் உதகையிலோ கூடலூரிலோ தங்கிக் காலையில் கிளம்பவும்.

இப்படிக்கு,
இந்த மலைச்சாலைகளில் ஓட்டிப் பிழைக்கிறவர்கள்